கட்டும் முன் கேளுங்கள்: அமெரிக்கச் சட்டக் கல்லூரி விண்ணப்பத்தில் கட்டண விலக்கு பெறும் வழி

அமெரிக்காவில் வக்கீலாக வேண்டுமென்றால் பொதுவாக முதலில் ஏதாவது ஒரு பட்டம், அடுத்து எல்சாட் நுழைவுத் தேர்வு, அதன்பின் மூன்றாண்டு ஜே.டி. சட்டப் படிப்பு. படிப்புச் செலவுக்குக் கடன் கிடைக்கும், உதவித்தொகையும் கிடைக்கலாம். ஆனால் விண்ணப்பச் செலவு அப்படியல்ல. கல்லூரி வாசலை மிதிக்கும் முன்பே அது கையைவிட்டுப் போய்விடுகிறது.

எவ்வளவு என்று பார்ப்போம். 2025-26 கட்டணப்படி எல்சாட் தேர்வுக்கு 248 டாலர். மதிப்பெண் சான்றுகளையும் பரிந்துரைக் கடிதங்களையும் ஓரிடத்தில் திரட்டித் தரும் சி.ஏ.எஸ். சேவைக்கு 215 டாலர். அந்தத் தொகுப்பை அறிக்கையாக ஒவ்வொரு கல்லூரிக்கும் அனுப்பத் தலா 45 டாலர். இவை போக, கல்லூரிகள் தனியாக விண்ணப்பக் கட்டணம் வாங்குகின்றன. அது பல இடங்களில் 50 முதல் 85 டாலர் வரை. எட்டுக் கல்லூரிகளுக்கு, கல்லூரிக்கு 75 டாலர் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 1,423 டாலர். நம்மூர்க் கணக்கில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. தேர்வை இரண்டாம் முறை எழுதினால் இன்னொரு 248.

இதில் பெரும்பகுதியைக் கட்டாமலேயே விண்ணப்பிக்க முறையான வழிகள் உண்டு. தேர்வை நடத்தும் அமைப்பு ஒரு விலக்கு தருகிறது. கல்லூரிகள் வேறொரு விலக்கு தருகின்றன. இரண்டுக்கும் பொதுவான விதி ஒன்றே: கட்டுவதற்கு முன் கேட்டவருக்குத்தான் விலக்கு. கட்டிய பிறகு தகுதி இருந்தும் பயனில்லை, பணம் திரும்பாது. ஆகவே எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்ற வரிசைதான் இங்கே முக்கியம். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் பின்பற்றுங்கள்.

படி 1: நீங்கள் எந்தப் பட்டியலில் வருகிறீர்கள்?

எல்சாட் தேர்வை நடத்துவது பென்சில்வேனியா மாநிலத்தின் நியூடவுனில் இயங்கும் எல்சாக் என்ற அமைப்பு. 1948 முதல் தேர்வு நடக்கிறது. இதன் கட்டண விலக்கு வருமானத்தைப் பார்த்துத் தரப்படுவது. மதிப்பெண்ணுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

அமெரிக்கக் குடிமக்கள், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள், சிறுவயதிலேயே வந்து ஆவணமின்றி வாழ்பவர்களுக்கான டாகா பாதுகாப்பு பெற்றவர்கள் இதற்கு விண்ணப்பிக்கலாம். கனடாவில் உள்ளவர்களுக்கும் வழி உண்டு. ஆனால் ஒன்ராறியோ மாகாணச் சட்டக் கல்லூரிகளுக்கு ஓல்சாஸ் என்ற தனி விண்ணப்ப முறை இருக்கிறது. அங்கே சி.ஏ.எஸ். தேவைப்படாது. ஸ்கார்பரோவில் இருந்துகொண்டு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு மட்டும் விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு இந்த விலக்கால் மிச்சமாவது எல்சாட் கட்டணம்தான்.

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கும், எச்-1பி பெற்றோருடன் எச்-4 விசாவில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் எல்சாக் விலக்கு கிடையாது. கிரீன் கார்டுக்காகப் பல ஆண்டுகளாக வரிசையில் நிற்கும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இந்த இரண்டாவது பட்டியலில் வருகிறார்கள். அவர்கள் இங்கேயே மனம் தளர வேண்டாம். கல்லூரிகள் நேரடியாகத் தரும் விலக்குகள் பல குடியுரிமையைப் பார்ப்பதில்லை. அவர்கள் படி 4-க்குத் தாவலாம்.

படி 2: எல்சாக் விலக்குக்கு விண்ணப்பியுங்கள்

எல்சாக் தளத்தில் ஜே.டி. கணக்கு ஒன்றைத் தொடங்குங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரைக் கொடுங்கள். அப்பா பெயர் முன்னால் வருமா பின்னால் வருமா என்ற குழப்பம் நம் பெயர்களில் அதிகம். பாஸ்போர்ட்டில் ஒருவிதம், கல்லூரிச் சான்றில் வேறுவிதம் என்று இருந்தால், தேர்வுக்குக் காட்டப்போகும் அடையாள அட்டையில் உள்ளதையே எழுதுங்கள்.

கணக்கைத் திறந்ததும் தேர்வுக்குப் பதிவு செய்யும் பக்கம் கண்ணில் படும். அதைத் தொடாதீர்கள். கட்டண விலக்கு விண்ணப்பத்துக்கு நேராகப் போங்கள்.

அங்கே கேட்கப்படுவது உங்கள் குடும்ப வருமானமும் குடும்பத்தில் எத்தனை பேர் என்பதும். அமெரிக்க அரசு ஆண்டுதோறும் வெளியிடும் வறுமைக் கோட்டு அளவை வைத்து அதை எடை போடுகிறார்கள். 'நாங்கள் ஒன்றும் ஏழைகள் இல்லையே' என்று நீங்களே முடிவுகட்டிவிடாதீர்கள். வறுமைக் கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்கும் இடம் உண்டு. வீட்டில் ஆள் கூடினால் வரம்பும் உயரும்.

பெற்றோரின் வரிக் கணக்கில் அவர்களைச் சார்ந்திருப்பவராக நீங்கள் காட்டப்பட்டிருந்தால் அவர்களுடைய வருமானமும் கணக்கில் வரும். நீங்களே சம்பாதித்துத் தனியாக வரிக் கணக்குத் தாக்கல் செய்பவர் என்றால் கணக்கு வேறு. கடந்த ஆண்டு வரிக் கணக்கில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையில் வைத்திருக்க வேண்டியவை:

- மிக அண்மை ஆண்டின் கூட்டரசு வருமான வரிக் கணக்கு, அதாவது 1040 படிவம்.
- சம்பளம் தரும் இடத்தில் வாங்கிய டபிள்யூ-2 படிவம்.
- வரிக் கணக்கு நகல் தொலைந்திருந்தால், வரித்துறையான ஐ.ஆர்.எஸ். தளத்தில் இலவசமாக எடுக்கக்கூடிய அதன் சுருக்கப் பிரதி.
- வருமானம் குறைவு என்பதால் வரிக் கணக்கே தாக்கல் செய்யவில்லை என்றால், அதை உறுதிசெய்யும் ஐ.ஆர்.எஸ். கடிதம்.
- உணவு உதவி போன்ற அரசு உதவி பெற்றால் அதற்கான கடிதம்.

நம் வீடுகளில் சிக்கல் படிவத்தில் இல்லை, பேச்சில் இருக்கிறது. 'அப்பா, போன வருஷத்து டாக்ஸ் ரிட்டர்ன் வேணும்' என்று மகள் கேட்டால், 'எதுக்கும்மா அது, நானே ஃபீஸ் கட்டிடறேன்' என்பதுதான் பல அப்பாக்களின் பதில். வருமானத்தை வெளியாருக்குக் காட்டக் கூச்சம், கை நீட்டுவதாகத் தோன்றும் தயக்கம். அவரிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: யாரிடமும் கையேந்தவில்லை, தகுதி உள்ளவர்களுக்கென்று அந்த அமைப்பே ஒதுக்கி வைத்திருக்கும் சலுகையை வாங்குகிறோம்.

படி 3: கிடைத்ததைக் கணக்காகச் செலவழியுங்கள்

எல்சாக் விலக்கு இரண்டு நிலைகளில் வருகிறது. வருமானம் மிகக் குறைவாக இருப்பவர்களுக்கு முதல் நிலை: இரண்டு எல்சாட் தேர்வு, சி.ஏ.எஸ். பதிவு, ஆறு கல்லூரிகளுக்கு அறிக்கை. அதற்குச் சற்று மேலே இருப்பவர்களுக்கு இரண்டாம் நிலை: ஒரு தேர்வு, சி.ஏ.எஸ். பதிவு, மூன்று அறிக்கை. இவற்றோடு பழைய வினாத்தாள்கள் கொண்ட லாஹப் அட்வான்டேஜ் சந்தாவும் ஓராண்டுக்குக் கிடைக்கும். தனியாக வாங்கினால் அது 120 டாலர்.

மறுத்துவிட்டால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். மேல்முறையீடு செய்யலாம். வரிக் கணக்குத் தாக்கல் செய்த பிறகு அப்பாவுக்கு வேலை போயிருக்கலாம், வீட்டில் மருத்துவச் செலவு வந்திருக்கலாம். வரிக் கணக்கில் தெரியாத அந்த நிலைமையைச் சுருக்கமாக எழுதி, உரிய ஆவணத்தோடு அனுப்புங்கள்.

விலக்கு கிடைத்தால் இரண்டு ஆண்டுகள் செல்லும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போதே ஆர்வக்கோளாறில் வாங்கி வைத்தால், விண்ணப்பிக்கும் நேரத்தில் காலாவதியாகிவிடலாம். கடைசி நேரத்துக்குத் தள்ளிப்போட்டாலும் ஆபத்து. தேர்வுப் பதிவுக்கான கடைசித் தேதி தேர்வுக்குப் பல வாரங்கள் முன்பே முடிந்துவிடும், அதற்குள் முடிவு வராவிட்டால் கையிலிருந்து கட்ட நேரிடும். பல கல்லூரிகள் செப்டம்பரை ஒட்டி விண்ணப்பங்களை வாங்கத் தொடங்குகின்றன. வரும் விண்ணப்பங்களை வந்த வரிசையில் பார்த்து முடிவு சொல்லும் வழக்கமும் உண்டு. எனவே அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே விலக்குக்கு விண்ணப்பித்து, ஜூன் அல்லது ஆகஸ்ட் தேர்வை எழுதுவது நல்ல கணக்கு.

விலக்கு எதையெல்லாம் மூடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தேர்வுத் தேதியை மாற்றினால் அதற்குத் தனிக் கட்டணம். பதிவு செய்துவிட்டுத் தேர்வுக்குப் போகாமல் இருந்தால் இலவசத் தேர்வு ஒன்று வீணானது போலத்தான். உங்கள் பழைய கல்லூரி மதிப்பெண் சான்று அனுப்ப வாங்கும் கட்டணமும் உங்கள் தலையில்தான். சென்னைப் பல்கலைக்கழகத்திலோ அண்ணா பல்கலைக்கழகத்திலோ பட்டம் முடித்துவிட்டுக் கிரீன் கார்டோடு அங்கே இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இந்தியப் பட்டத்தை மதிப்பிடும் வேலை சி.ஏ.எஸ். கட்டணத்துக்குள்ளேயே அடங்கும். ஆனால் பல்கலைக்கழகத்திலிருந்து சான்றை வாங்கி அனுப்பும் செலவும் அலைச்சலும் தனி. அதற்கு இரண்டு மூன்று மாதம் ஒதுக்கி வையுங்கள்.

படி 4: கல்லூரிகள் தரும் விலக்கைப் பெறுங்கள்

எல்சாக் விலக்கு பெற்றவர்களுக்குப் பல கல்லூரிகள் தங்கள் விண்ணப்பக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்துவிடுகின்றன. சிலவற்றில் இது தானாக நடக்கும், சிலவற்றில் ஒரு வரி எழுதிக் கேட்க வேண்டும். யாரிடமும் கட்டணம் வாங்காத கல்லூரிகளும் உண்டு. எல்சாக் விலக்கு கிடைக்காதவர்களுக்கு உள்ள வழிகள் இவை.

முதலாவது, கல்லூரிகளே உங்களைத் தேடி வரும் வழி. எல்சாக் கணக்கில் சி.ஆர்.எஸ். என்ற பரிந்துரைச் சேவை இலவசமாக இருக்கிறது. அதில் சேர ஒப்புதல் தந்தால், உங்கள் எல்சாட் மதிப்பெண், கல்லூரி மதிப்பெண் சராசரி, ஊர் போன்ற விவரங்களை வைத்துக் கல்லூரிகள் உங்களைத் தேடி எடுக்கும். மதிப்பெண் வெளியான பிறகு 'உங்களுக்கு விண்ணப்பக் கட்டணம் இல்லை' என்று மின்னஞ்சல்கள் வரத் தொடங்கும். இதற்கென்று தனி மின்னஞ்சல் முகவரி ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது. விளம்பர அஞ்சல் என்று ஒதுக்கப்படும் பெட்டியையும் அவ்வப்போது திறந்து பாருங்கள்.

இப்படி வரும் கடிதத்தை இடம் கிடைத்துவிட்டதற்கான அறிகுறியாக எண்ணிவிட வேண்டாம். விண்ணப்பம் கூடினால் சேர்க்கை விகிதம் குறையும். சேர்க்கை விகிதம் தரவரிசைப் பட்டியல்களில் கணக்கில் வருகிறது. ஆகவே கல்லூரிக்கும் இதில் லாபம் இருக்கிறது. இலவசம் என்பதற்காகப் போக விருப்பமில்லாத கல்லூரிகளுக்கெல்லாம் விண்ணப்பித்தால் நேரமும் கட்டுரை எழுதும் உழைப்பும்தான் விரயம்.

இரண்டாவது, நிகழ்ச்சிகள். எல்சாக் ஆண்டுதோறும் பெரிய நகரங்களில் சட்டக் கல்லூரிக் கண்காட்சிகளை நடத்துகிறது. இணைய வழியாகவும் நடக்கும். அனுமதி இலவசம். அங்கே வந்தவர்களுக்கும், கல்லூரிகள் தனியாக நடத்தும் அறிமுகக் கூட்டங்களில் பங்கேற்றவர்களுக்கும் விலக்குக் குறியீடு தருவது பரவலான வழக்கம். கூட்டம் முடியும் வரை இருங்கள், வருகைப் பதிவில் உங்கள் எல்சாக் கணக்கு எண்ணைக் கொடுங்கள். குறியீட்டைக் கடைசியில் சொல்பவர்களே அதிகம்.

மூன்றாவது, பொதுச்சேவை. பீஸ் கோர், அமெரிகோர், டீச் ஃபார் அமெரிக்கா போன்றவற்றில் பணியாற்றியவர்களுக்கும், ராணுவத்தில் இருப்பவர்களுக்கும், இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் பல கல்லூரிகள் கட்டணம் வாங்குவதில்லை.

நான்காவது, நேராகக் கேட்பது. சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போதும். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்று சும்மாவா சொன்னார்கள்?

படி 5: கடிதம் எப்படி எழுதுவது?

முதலில் கல்லூரித் தளத்தைப் பாருங்கள். விலக்குக்கென்று படிவம் இருந்தால் அதையே நிரப்புங்கள். இல்லாவிட்டால் மின்னஞ்சல் எழுதுங்கள். ஐந்தாறு வரிக்கு மேல் வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதப்போகும் கடிதத்தின் சாரம் இப்படி இருக்கலாம்:

'வணக்கம். வரும் ஆண்டு ஜே.டி. சேர்க்கைக்கு விண்ணப்பிக்க விரும்புகிறேன். என் எல்சாக் எண் இது. உங்கள் கல்லூரியின் குடியேற்றச் சட்ட உதவி மையத்தில் பயிற்சி பெற வேண்டும் என்பது என் விருப்பம். நான் பகுதி நேர வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறேன், வீட்டில் ஒருவர் வருமானத்தில் ஐந்து பேர் வாழ்கிறோம். விசா நிலை காரணமாக எல்சாக் விலக்குக்கு எனக்குத் தகுதி இல்லை. விண்ணப்பக் கட்டணத்திலிருந்து எனக்கு விலக்கு அளிக்க இயலுமா? தேவையான ஆவணங்களை அனுப்பத் தயாராக இருக்கிறேன். நன்றி.'

இதில் மூன்று விஷயங்கள் இருப்பதைக் கவனியுங்கள். யார் என்று கண்டுபிடிக்க எண், ஏன் இந்தக் கல்லூரி என்பதற்கு ஒரு காரணம், ஏன் விலக்கு என்பதற்கு ஓர் உண்மை. துயரக் கதை வேண்டாம். எல்லாக் கல்லூரிக்கும் ஒரே கடிதத்தை ஒட்டி அனுப்பவும் வேண்டாம். ஒரு கல்லூரியின் பெயரை மாற்ற மறந்து இன்னொன்றுக்கு அனுப்பினால் மானம் போய்விடும். ஒரு வாரத்தில் பதில் இல்லை என்றால் ஒருமுறை நினைவூட்டலாம்.

விலக்கு கேட்டால் சேர்க்கை வாய்ப்பு குறையுமோ என்ற பயம் வேண்டாம். விலக்கு என்பது அந்த அலுவலகங்களின் அன்றாட வேலை.

படி 6: பணம் கட்டும் பக்கத்தில் நிதானம்

விண்ணப்பம் முழுவதும் எல்சாக் தளம் வழியாகத்தான் போகும். கடைசியில் கட்டணப் பக்கம் வரும். விலக்கு பதிவாகியிருந்தால் விண்ணப்பக் கட்டணம் பூஜ்யம் என்று காட்டும். குறியீடு இருந்தால் அங்கே இட வேண்டும். பூஜ்யம் காட்டவில்லை என்றால் 'பிறகு வாங்கிக்கொள்ளலாம்' என்று அட்டையை எடுக்காதீர்கள். விண்ணப்பத்தைச் சேமித்துவிட்டு வெளியே வந்து, சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதுங்கள். அவர்கள் சரிசெய்த பிறகு அனுப்பலாம்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கல்லூரி தரும் விலக்கு அதன் விண்ணப்பக் கட்டணத்துக்கு மட்டும்தான். 45 டாலர் சி.ஏ.எஸ். அறிக்கை அப்படியே நிற்கும். சில கல்லூரிகள் மட்டும் அதையும் தாங்களே ஏற்றுக்கொள்கின்றன. விலக்குக் கடிதத்தில் அறிக்கையைப் பற்றிய வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். உங்களிடம் ஆறு இலவச அறிக்கை இருந்தால், கல்லூரியே ஏற்றுக்கொள்ளும் இடங்களைக் கழித்துவிட்டு, மீதி இடங்களுக்கு அவற்றைப் பயன்படுத்துங்கள். விலக்குகளுக்குக் கடைசித் தேதியும் உண்டு. பெரும்பாலும் அந்த ஆண்டுச் சேர்க்கையோடு முடிந்துவிடும்.

ஒரு தாளில் கல்லூரியின் பெயர், விண்ணப்பக் கட்டணம், விலக்கு வந்த வழி, அறிக்கை அடங்குமா, கடைசித் தேதி என்று ஐந்து கட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன எட்டுக் கல்லூரி மாணவருக்கு முதல் நிலை விலக்கு கிடைத்து, எட்டுக் கல்லூரிகளும் விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தால், 1,423 டாலர் 90 டாலராகச் சுருங்கும். அது ஆறுக்கு மேல் போகும் இரண்டு அறிக்கைகளுக்கான தொகை.

படி 7: கூடவே கிடைப்பவை

தேர்வுப் பயிற்சி: எல்சாக்கின் லாஹப் தளத்தில் இலவசக் கணக்கிலேயே சில முழு மாதிரித் தேர்வுகள் உண்டு. செவன்சேஜ் போன்ற பயிற்சி நிறுவனங்கள் எல்சாக் விலக்கு பெற்றவர்களுக்குப் பெயரளவுக்குத்தான் கட்டணம் வாங்குகின்றன. விலக்குக் கடிதத்தைக் காட்டிக் கேளுங்கள். 2024 ஆகஸ்ட் முதல் எல்சாட்டில் தர்க்கப் புதிர்ப் பகுதி கிடையாது. பழைய பயிற்சிப் புத்தகங்களைக் காசு கொடுத்து வாங்கும் முன் அதையும் நினைவில் வையுங்கள்.

ஜி.ஆர்.இ.: எல்சாட்டுக்குப் பதிலாக இதை ஏற்கும் சட்டக் கல்லூரிகள் பல உண்டு. அதை நடத்தும் ஈ.டி.எஸ். அமைப்பு, வசதி குறைந்த அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டுக்காரர்களுக்கும் கட்டணத்தில் பாதியைக் குறைக்கிறது. இதிலும் முதலில் சலுகைச் சீட்டு, பிறகுதான் பதிவு.

எல்.எல்.எம்.: இந்தியாவில் சட்டம் முடித்துவிட்டு அங்கே ஓராண்டு மேற்படிப்புக்குப் போகிறவர்களிடம் பெரும்பாலும் எல்சாட் கேட்பதில்லை. ஆனால் விண்ணப்பக் கட்டணம் உண்டு. அறிமுகக் கூட்டங்களில் பங்கேற்பதும், படி 5-இல் சொன்ன கடிதமும் அவர்களுக்கும் பொருந்தும்.

இடம் கிடைத்த பிறகு: இடத்தை உறுதி செய்ய முன்பணம் கேட்பார்கள். அதைக் கட்டச் சிரமம் என்றால் அதற்கும் விலக்கோ அவகாசமோ கேட்கலாம்.

கட்டணங்களும் வருமான வரம்பும் ஆண்டுதோறும் மாறும். விண்ணப்பிக்கும் நாளில் எல்சாக் தளத்தில் உள்ள தொகையையே நம்புங்கள். இந்த வேலைகளுக்கு ஆகும் செலவு சில மணி நேரமும் சில மின்னஞ்சல்களும்தான். ஏற்கெனவே தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டவர்களும் சோர வேண்டாம். சி.ஏ.எஸ். பதிவும் கல்லூரி விண்ணப்பங்களும் இன்னும் பாக்கி இருந்தால், அவற்றுக்கு இன்றே கேட்கத் தொடங்குங்கள்.